‘போதுங்க’ ஒரு பாக்கெட்

துடியலூர்ப் பக்கம் ‘போதுங்க’ என்று ஒரு காலை உணவு விற்றது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். விற்றது என்பதுகூடத் தாராளமான பேச்சுத்தான். ஒன்பது மாதம் கடை கடையாய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவே. வெள்ளைச் சோளத்தை வேகவைத்து, நசுக்கி, நாட்டுச்சர்க்கரைப் பாகு காட்டி வறுத்தெடுத்த தகடு தகடான பண்டம். கிண்ணத்தில் கொட்டிப் பால் ஊற்றினால் சாப்பாடு முடிந்தது. கண்டுபிடித்தவர் மோட்டார் பட்டறை பாலுசாமி. பேர் வைத்தது அவர் மனைவி சாந்தாமணி என்று ஊர் சொல்லும். அதில் பின்பாதி பொய் என்று சாந்தாமணிக்குத் தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்தவளும் அவள்தான்.

அந்த வாய்க்கு ஒரு புதன்கிழமை போனில் சோதனை வந்தது. சாய்ப்ரியா என்று ஒரு பெண். உணவுத் தொழில்நுட்பத்தில் மேல்படிப்புப் படிக்கிறாளாம். கோவை வட்டாரத்தில் வந்து, நிலைக்காமல் போன தின்பண்டங்களைப் பற்றிக் கல்லூரியில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் ‘போதுங்க’ கதையை அவள் எழுதுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை வரலாமா என்று கேட்டாள். பாலுசாமி அவளைத் தாராளமாக வரச் சொல்லிவிட்டு, புதன்கிழமையே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

சாந்தாமணி அந்த வரவைத் தடுக்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் ஒரு வளைகாப்பு இருக்கிறது, போகாவிட்டால் சொந்தக்காரர்கள் சடைத்துக்கொள்வார்கள் என்று ஒரு புளுகு விட்டுப் பார்த்தாள். யாருக்கு வளைகாப்பு என்று அவர் கேட்டதும் பேர் சொல்லத் தெரியாமல் விழித்தாள். அந்தப் பெண் வந்தால் ‘பேர் யார் வைத்தது’ என்றுதான் முதலில் கேட்பாள். அவரும் பூரித்துப்போய் இவளைக் கைகாட்டி ‘என்ற சம்சாரம்’ என்பார். அது அச்சில் ஏறிவிடும். பொய் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கம்பெனி போயிற்று, மிஷின் நின்றுபோயிற்று. ‘என்ற சம்சாரம் மட்டும் கூட நின்னா’ என்கிற நினைப்பு ஒன்றுதான் அவரிடம் இருக்கிறது. அதையும் எப்படிப் பிடுங்குவது?

விஷயம் புரிய வேண்டுமானால் பாலுசாமியின் குணம் தெரிய வேண்டும். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பட்டறையில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் லேத்தில் கடைசல் வேலையும்தான் பிழைப்பு. பிழைப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மண்டைக்குள் ஏதாவது ஓட ஆரம்பித்துவிடும். சின்ன வெங்காயம் உரிக்க ஒரு மிஷின் செய்தார். அது தோலையும் உரித்தது, வெங்காயத்தையும் உரித்தது, கடைசியில் தட்டில் தண்ணீர்தான் இருந்தது. இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிய மோட்டார் வைத்த மிஷின் செய்தார். அது தட்டை விட்டுவிட்டுச் சுவரில் பிழிந்தது. அந்த வருடம் பொங்கல் வரைக்கும் காத்திருக்காமல் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியதாயிற்று. எல்லாச் சோதனையும் நடந்தது சாந்தாமணியின் சமையலறையில். துடைத்ததும் அவள். ஒன்று தோற்றால் அவருக்கு வருத்தமே வராது. அடுத்ததைத் தொடங்க இடம் கிடைத்ததே என்று விசில் அடித்துக்கொண்டு போவார்.

சோளத் தகடு யோசனை பெங்களூரில் வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு மக்காச்சோளத் தகட்டைக் கண்ணாடிச் சாடியில் வைத்திருந்தார்கள். எல்லாரும் பூரியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அதில் ஒரு கைப்பிடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். மக்காச்சோளத்தில் ஆவது நம் வெள்ளைச் சோளத்தில் ஆகாதா என்று ஆரம்பித்தது. தானே லேத்தில் இரண்டு இரும்பு உருளை கடைந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் போகிற இடைவெளி வைத்து, வெந்த சோளத்தை அதில் விட்டார். எட்டு மாதம் விட்டார். ஒவ்வொரு ஈடு இறங்கும்போதும் ஒரு கிண்ணம் சாந்தாமணிக்கு வரும். முதலில் கல்லாக இருந்தது, பிறகு அட்டையாக இருந்தது, பிறகு தூளாக இருந்தது. அவளும் நன்றாயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் முறுகலாம் என்று சொல்லிச் சொல்லித் தின்று வைத்தாள். முப்பது ஈடுக்கு மேல் அவளுக்கு ருசியே தெரியவில்லை.

ஒரு வழியாக மார்கழியில் தகடு பதமாக வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வந்தது. அட்டை அச்சடிக்க வேண்டும். காந்திபுரத்தில் பிரான்சிஸ் என்று ஒரு அச்சகக்காரர், பாலுசாமிக்குப் பழக்கம். அவர் அச்சகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பேர் மட்டும் முடிவாகாமல் வீட்டுக்குப் போன் மேல் போன் போட்டார்.

அன்றைக்கு சாந்தாமணி இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். காலையிலேயே கடைசிச் சோதனை என்று மூன்று கிண்ணம் அவளுக்குள் போயிருந்தது. வயிறு உப்பிக் கிடந்தது. வறுக்கிற புகை கொடியில் காய்ந்த சேலையெல்லாம் ஏறியிருந்தது. அலசிப் போட்டதை மறுபடி அலசிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இந்தப் பேர் எப்படி என்றார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நன்றாயிருக்கிறது என்றாள். மறுபடி அடித்தது. அந்தப் பேர் எப்படி? அதுவும் நன்றாயிருக்கிறது. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை அவர், “எதுவும் மனசுக்குப் புடிக்கல சாந்தா. நீயே ஒரு பேரு சொல்லு. நீ சொல்றதுதான்” என்றார்.

“போதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அது பேர் இல்லை. இருபத்தாறு வருடம் வெங்காயமும் சுவரும் புகையுமாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்த வார்த்தை அது. போதும், விட்டுவிடுங்கள், என்னால் ஆகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பாருங்கள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த ‘ங்க’வை விட்டுப் பேச வராது. திட்டினாலும் மரியாதையோடு திட்டித்தான் பழக்கம். வெடுக்கென்று ‘போதும்’ என்றிருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். ‘ங்க’ போட்டதில் கோபமெல்லாம் குழைந்து, உபசாரம் மாதிரி ஆகிப்போயிற்று.

சாயங்காலம் அவர் அட்டையோடு வந்தார். மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, ‘போதுங்க’. அவர் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். “ஊட்டுக்கு ஒறம்பரை வந்து சாப்ட்டுட்டு, வயிறு நெறஞ்சப்பறம் சொல்ற வார்த்தை. இதை விட என்ன பேரு வேணும்? அதுமில்லாம, ஒறம்பரை போதுங்கன்னு சொன்னா நாம உடுவமா, இன்னொரு கரண்டி வெப்பமில்ல. எல்லாரும் ரெண்டு கிண்ணம் சாப்புடுவாங்க” என்றார். வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இது அம்மணி வைத்த பேர் என்று அட்டையை நீட்டினார். சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவர் சட்டையில் சிவப்பு மை ஒட்டியிருந்தது, அதைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கிறார். அவள் உள்ளே போய்க் காப்பி கலந்தாள்.

தைப் பொங்கலுக்குச் சரக்கு கடைக்குப் போயிற்று. கூடவே விளம்பரம் என்று காந்திபுரம் டவுன் பஸ் ஒன்றின் பின்னால் ஒரு படம் ஒட்டினார். அப்பா, அம்மா, நடுவில் சிரித்த முகமாக ஒரு குழந்தை, மேலே பெரிய எழுத்தில் ‘போதுங்க’. பார்த்தவர்கள் எல்லாரும் குடும்பக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையே போதும் என்று இவரைப் பாராட்டிக்கூட ஒருத்தர் போன் செய்தார்.

சரக்கு நகரவில்லை. ஏன் என்று பாலுசாமி பட்டறையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, சாந்தாமணி நாமே வாங்கி ஓட விடுவோம் என்று முக்காடு போடாத குறையாகத் திருமலைசாமி மளிகைக் கடைக்குப் போனாள். துவரம்பருப்பு அரைக்கிலோ, கடுகு நூறு, சீரகம் நூறு, ‘போதுங்க’ என்றாள். சரிங்க என்று திருமலைசாமி பென்சிலை எடுத்துக் கூட்டல் போட்டுவிட்டார். இல்லீங்க, போதுங்க என்றாள். அதான் போதும்னுட்டீங்களே, கூட்டிப்போட்டேன் என்றார் அவர். அதில்லீங்க, ‘போதுங்க’ ஒரு பாக்கெட் என்றாள். எது ஒரு பாக்கெட் போதும், சீரகமா என்றார். பின்னால் நின்றவர்கள் தாமதமாகிறது என்று முணுமுணுத்தார்கள். சாந்தாமணி சீரகத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. மாவட்டம் முழுவதும் ஜனங்கள் கடையில் கடைசியாக அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள், கடைக்காரர்கள் பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு வாங்கவே முடியாத ஒரு பேரை உலகத்தில் வேறு யார் வைத்திருப்பார்கள்? அதுவும் அவள் வைக்காத பேர். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் உருட்டினாள். மூன்றாம் நாள் அவரே வந்து, காரணம் பிடிபட்டுவிட்டது என்றார். பால்தான் காரணமாம். நம் ஜனங்கள் ஆறின பாலைத் தொட மாட்டார்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தகட்டைக் கஞ்சியாக்கிவிடுகிறார்கள், அதனால்தான் மறுபடி வாங்குவதில்லை என்றார். அப்புறம் யார் கேட்டாலும் பால், பால் என்றே சொன்னார். ஒரு தடவைகூட அவர் வாயில் பேர் என்று வரவில்லை. சாந்தாமணி அதைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வாள்.

புரட்டாசியில் கம்பெனியை மூடினார். சத்தமில்லாமல், ஒரு மதியம், வறுக்கிற அடுப்பை அணைத்துவிட்டு வந்து கை கழுவினார். அன்று சாயங்காலம் சாந்தாமணி ஒரு காரியம் செய்தாள். கோனியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். தோற்றுவிட்டதே என்று அல்ல, முடிந்ததே என்று. கட்டின புருஷன் நொந்து உட்கார்ந்திருக்க, அவள் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குற்றம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வருடத்தைப் பற்றி அவளைக் கேட்டால் ஒரு நாளைக்கூடக் குறை சொல்ல மாட்டாள். பாலுசாமி புதிதாக எதையும் தொடங்கவில்லை. பட்டறையைச் சாயங்காலம் ஆறுக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவளோடு சேர்ந்து சந்தைக்குப் போனார். மலை ரயிலில் ஊட்டிக்குக் கூட்டிப்போனார். அவளுக்குக் கண் ஆப்பரேஷன் ஆனபோது பதினைந்து நாள் அவரே சோறு பொங்கி, அவரே சொட்டு மருந்து விட்டார். கல்யாணம் ஆகி இருபத்தேழாவது வருடத்தில்தான் தனக்குப் புருஷன் கிடைத்தார் என்று அவளுக்குத் தோன்றும். உடனே சுருக்கென்று குத்தும். அவர் திருந்தி இப்படி ஆகவில்லை, ஒடிந்துபோய் இப்படி ஆகிவிட்டார், அந்த ஒடிசலில் நான் குளிர் காய்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். பின்கொட்டகையில் அந்த இரண்டு உருளையும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை அவர் வேட்டியில் புது கிரீஸ் கறை வரும். பட்டறைக் கறை இல்லை, அது வேறு நிறம். துவைக்கிறவளுக்குத் தெரியாதா? அவள் கேட்டதில்லை.

இந்தக் கதையெல்லாம் மனசில் ஓட ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஒறம்பரைக்கு வேண்டும் என்று சாந்தாமணி சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து வைத்தாள். பத்து மணிக்கு சாய்ப்ரியா வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையோடு, தோளில் ஒரு துணிப்பை. பேச்சைப் பதிவுசெய்யப் போனை ஒரு சின்ன முக்காலியில் நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாந்தாமணி இலையைப் போட்டுச் சந்தகை வைத்தாள். போதுங்க என்றாள் அந்தப் பெண். இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் சிரித்துவிட்டாள்.

பாலுசாமி பெங்களூர்க் கைக்குட்டையிலிருந்து தொடங்கினார். உருளை, இடைவெளி, பாகு, பதம் என்று எல்லாம் சொன்னார். சாந்தாமணி சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்தாள். நோட்டுக்கு அட்டை போட்டிருந்தது மஞ்சள் காகிதம். வெளுத்த சிவப்பில் ‘போதுங்க’.

அவள் சோமனூர்க்காரியாம். அப்பா இல்லை. அம்மா தறி ஓட்டப் போகிறவள், விடிவதற்கு முன்னால் ஷிப்ட்.

“நான் எந்திரிக்கறப்ப ஊட்டுல ஆரும் இருக்க மாட்டாங்க. அடுப்பைத் தொடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிப்போட்டுத்தான் போவாங்க. அப்ப எனக்குப் பத்து வயசுங்க. மொதல்லயெல்லாம் வெறும் வயித்தோடதான் போவேன். பள்ளிக்கூடத்துல காலைல வரிசைல நிக்கறப்பக் கண்ணு இருட்டிக்கிட்டு வரும். இதுக்கு அடுப்பு வேண்டாமில்லீங்க. பாலு கெடையாது, தண்ணிதான் ஊத்துவேன். நாட்டுச்சர்க்கரை கரைஞ்சு தண்ணியே இனிக்கும். ஒம்பது மாசம் நான் பசியோட பள்ளிக்கூடம் போகலீங்க ஐயா. அதைச் சொல்லணும்னுதான் வந்தேன். புத்தகம் அப்பறந்தான்” என்றாள்.

பாலுசாமி கண்ணாடியைக் கழற்றினார். துண்டை எடுத்துத் துடைத்தார், கண்ணாடியை அல்ல. அவருடைய பண்டத்தை ஒரு உயிர் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாந்தாமணிக்கும் அப்போதுதான் தெரியும். முடிந்ததே என்று தான் விளக்குப் போட்ட அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாளோ என்னமோ இந்தக் குழந்தை வெறும் வயிற்றோடு போயிருக்கும் என்று நினைத்ததும் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அத்தோடு விட்டிருக்கலாம். வெகுளி, மேலே பேசினாள். கடையில் வாங்குவதுதான் பெரிய பாடு என்றாள். மளிகை சொல்லும்போது கடைசியில் ‘போதுங்க’ என்றால் கடைக்காரர் பையைக் கட்டிவிடுவார். அதனால் தான் ஒரு வித்தை கண்டுபிடித்ததாகச் சொன்னாள். முதலிலேயே ‘போதுங்க’ என்று சொல்லிவிட்டு அப்புறம் பருப்பு, புளி சொல்வாளாம். ஒன்றும் வாங்காமல் எப்படிப் போதும் என்று கடைக்காரர் யோசித்துப் பாக்கெட்டை எடுத்துவிடுவாராம். சிரித்துக்கொண்டே, பேரை மட்டும் மாற்றியிருந்தால் ஓடியிருக்கும், இல்லீங்களா ஐயா என்று கேட்டாள்.

பாலுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேருல ஒரு கொறையுமில்ல கண்ணு. அது என்ற சம்சாரம் வெச்ச பேரு. பாலுதான் காரணம், அப்புடியே எழுதிக்க” என்றார்.

பன்னிரண்டு வருடமாகக் கேட்ட அதே பதில். ஆனால் இன்றைக்கு, கையில் காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்த பிறகும், முகத்துக்கு நேரே அதைத் தள்ளிவிட்டு அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்று சாந்தாமணி பார்த்தாள். இதற்கு மேலும் சும்மா இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கூடத்துக்கு வந்தாள்.

“கண்ணு, அந்தப் போனைச் சித்தெ அமத்தி வெய்யி” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க. நான் பேரே வெக்கலீங்க. அன்னிக்கு எரிச்சல்ல சொன்னதுங்க அது. மிஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், உடுங்கன்னு சொன்னேன். நீங்க பேருன்னு நெனச்சுப்போட்டீங்க. நீங்க அத்தனை சந்தோசமா வந்தீங்க, அப்பறம் எனக்குச் சொல்ல வாய் வரலீங்க.”

அவர் முகம் விழப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“தெரியும் சாந்தா” என்றார்.

அன்றைக்கு அச்சகத்தில் போன் மேசைமேல் கிடந்ததாம், ஒலிபெருக்கி போட்டபடி. அவள் சொன்னதும் வைத்ததும் பிரான்சிஸுக்கும் கேட்டதாம். அக்கா திட்டுகிறார்கள், வீட்டுக்குப் போங்கள் என்று பிரான்சிஸ் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லையாம். அதையே அச்சடியுங்கள் என்றாராம். கடையில் அந்தப் பேர் பண்ணுகிற கூத்தையும் முதல் வாரமே திருமலைசாமி சொல்லிவிட்டாராம். பேரை மாற்றி அட்டை அடித்துத் தருகிறேன் என்று பிரான்சிஸ் நாலு தடவை கூப்பிட்டாராம். வேண்டாம் என்றுவிட்டாராம்.

“இருவத்தாறு வருசத்துல நீ எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்” என்றார் பாலுசாமி. “சோளம் ஊறப் போட்டாச்சு, உருளை ஓடிட்டிருந்துது. அன்னிக்கே என்னால நிறுத்த முடியல. அதான், தெனமும் கண்ணுல படட்டும்னு அட்டைல போட்டேன். இதோட நிறுத்திரணும்னு. பேரை மாத்தினா அந்த வாக்கையும் மாத்தின மாதிரி ஆயிருமில்ல?”

சாந்தாமணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் அவர் ஒடிந்துபோகவில்லை. ஊட்டி ரயில், சந்தைக்குப் பை தூக்கி வந்தது, கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து, ஒன்றும் தோல்வியில் வந்ததில்லை. எல்லாம் அவள் ஒரு தடவை கேட்டதற்காக அவர் கொடுத்தது. தோற்றுப்போனவரின் மிச்சம் என்று நினைத்துக் குற்ற உணர்வோடு அனுபவித்ததெல்லாம் அவளுக்கென்றே எடுத்து வைத்ததாம். இத்தனை நாள் சாமிக்குச் சொன்ன நன்றியை இந்த மனுஷனுக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தகை ஆறுகிறது சாப்பிடு கண்ணு என்று அந்தப் பெண்ணை அதட்டினாள்.

சாய்ப்ரியாவுக்கு எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. வந்ததில் இன்னொரு காரியமும் உண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கல்லூரியில் இந்தத் தகட்டைச் செய்து பார்க்கிறாளாம். சோமனூரில் தறிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் நிறையப் பேர் வெறும் வயிற்றோடுதான் போகிறார்களாம், அவர்களுக்குக் கொடுக்க. ஆனால் அங்கே இருக்கிற மிஷினில் சோளம் தூளாகிறது, தகடாக நிற்கவில்லை. உருளைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தச் சூட்டில் விட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா ஒரு தடவை வந்து காட்ட முடியுமா என்றாள்.

பாலுசாமியின் விரல்கள் ஒரு கணம் காற்றிலேயே எதையோ அளந்தன. கண் பின்கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியது. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நானு நிறுத்தியாச்சு கண்ணு. வேண்ணா எழுதித் தாரேன்” என்றார்.

சாந்தாமணி எழுந்தாள். அவருக்கும் ஒரு இலையைப் போட்டு இரண்டு கரண்டி சந்தகை வைத்தாள். பால் ஊற்றினாள். மூன்றாவது கரண்டி எடுத்தபோது அவர் கையை நீட்டி மறைத்து, “போதும் சாந்தா” என்றார்.

அவள் கையை விலக்கிவிட்டு வைத்தாள்.

“நம்மூட்டுல போதுங்கன்னு சொன்னா இன்னொரு கரண்டி வெக்கறதுதானுங்க மொறை” என்றாள். “சாப்ட்டுப்போட்டு அந்தத் தார்ப்பாயை எடுங்க. மாசாமாசம் கிரீஸ் போட்டு வெச்சது எதுக்குங்க?”

பாலுசாமி அவளையே பார்த்தார். கறை தெரிகிறதா என்று வேட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு இலையில் கை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

“சரிங்க அம்மணி” என்றார்.